ரஷீதா டீச்சர் குரலைத் தாழ்த்திய ஆண்டு

ரஷீதா டீச்சர் வருவதற்கு முன்பே அவர் குரல் வந்துவிடும். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஒரு வீவக அடுக்குமாடி புளோக்கில், வாய்ட் டெக் என்னும் திறந்த தரைத்தளத்தில், மாணவர் பராமரிப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. பள்ளி விட்டதும் பிள்ளைகள் அங்கே வந்து சாப்பிட்டு, வீட்டுப்பாடம் செய்து, வேலை முடிந்து பெற்றோர் வந்து கூட்டிப்போகும்வரை இருப்பார்கள். ரஷீதா சாலைக்கு அந்தப் பக்கம் நின்று காய்கறிக்காரரிடம் முருங்கைக்காய் விலை கேட்டால், இந்தப் பக்கம் நிலையத்துக்குள் மேசைமேல் ஏறி நிற்கும் பிள்ளைகள் இறங்கி உட்கார்ந்துவிடுவார்கள். அந்தக் காய்கறிக்காரர் செவிடு என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வதுண்டு. அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

குரல் பரம்பரைச் சொத்து. ரஷீதா 1968இல் பிறந்தவர். நாகூரிலிருந்து வந்து இங்கேயே நிலைத்துவிட்ட குடும்பத்தில் மூன்றாம் தலைமுறை. வாப்பாவுக்குத் தேக்கா ஈரச்சந்தையில் ஆட்டிறைச்சிக் கடை. பள்ளி இல்லாத காலைகளில் மகள் கடை முன்னால் நின்று ஆள் கூப்பிட்டார். ஒரு பக்கம் கட்டையில் கத்தி விழும் சத்தம், மறு பக்கம் மீன் கடையில் ஐஸ் கொட்டும் சத்தம். இரண்டுக்கும் மேலே எழும்பாத குரலுக்கு அங்கே வேலை கிடையாது. வாப்பாவின் இரண்டு மகன்களும் படித்து, கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகங்களுக்குப் போனார்கள். மகளுக்குக் குரல் வந்தது.

பிறகு கல்யாணம், பேருந்து ஓட்டுநர் முகமது யூசுப்புடன், இரண்டு பிள்ளைகள். அவர்கள் வளர்ந்தபின், 2006இல், ரஷீதா இந்த நிலையத்தில் அடுப்படி உதவிக்குச் சேர்ந்தார். அடுப்படியிலிருந்து பிள்ளைகளின் மேசைக்கு வந்து சேர நான்கு ஆண்டுகளும் ஒரு சான்றிதழ் படிப்பும் தேவைப்பட்டன. வந்தபின் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பெருக்கல் வாய்ப்பாடும் தமிழ்க் கட்டுரையும் அவர் வாயிலிருந்து வந்தால் மறப்பது கடினம். மாடியில் குடியிருப்பவர்களின் பிள்ளைகளும், நிலையத்தில் சேராமலே, பல வாய்ப்பாடுகளைக் கற்றுக்கொண்டார்கள் என்று பேச்சு.

இரண்டாம் மாடியில் இருந்த ஒரு சீன முதியவர் மட்டும் சத்தம் தாங்கவில்லை என்று ஒருமுறை புகார் எழுதிப் போட்டார். பிறகு, ரஷீதா ஒரு வாரம் விடுப்பில் இருந்தபோது, அவரே கீழே இறங்கி வந்து அந்த அம்மாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று விசாரித்தார்.

2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், நிலையத்தை நடத்தும் அறநிறுவனம் ஒரு முடிவுக்கு வந்தது. மனக்காயம் பட்ட பிள்ளைகளை எப்படி அணுகுவது என்று தன் ஊழியர்கள் அனைவருக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும். முடிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முந்தைய ஆண்டு ரித்திக் என்ற ஒன்பது வயதுப் பையன் நாற்காலியைத் தூக்கி எறிந்ததற்காக வெளியே நிறுத்திவைக்கப்பட்டான். அன்று காலையில்தான் அவன் கண்முன்னால் அப்பாவைக் கைவிலங்கு போட்டு அழைத்துப்போயிருந்தார்கள் என்பது மாலையில் தெரிந்தது. அவனை நிறுத்திவைத்தவர்கள் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ரஷீதாவும் அவர்களில் ஒருவர்.

ஆகவே பயிற்சி வந்தது. கூடவே கெடுவும் வந்தது. ஆண்டு முடிவதற்குள் எல்லோரும் தேர்ச்சிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். பெறாதவர்களுக்கு ஜனவரி முதல் ‘பொருத்தமான வேறு பணி’ தரப்படும். பொருத்தமான வேறு பணி எது என்று அறிவிப்பில் இல்லை. அந்த நிலையத்தில் பிள்ளைகளின் அறையை விட்டால் மிச்சம் இருப்பது அடுப்படிதான். நான்கு ஆண்டு பாடுபட்டு வெளியே வந்த அதே கதவு வழியாகத் திரும்பி உள்ளே போகும் எண்ணம் ரஷீதாவுக்கு இல்லை.

பயிற்சி சைனாடவுனில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில், இரண்டு நாள். பிடோக்கிலிருந்தும் புக்கிட் பாத்தோக்கிலிருந்தும் ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். பயிற்றுநர் பெயர் ஸ்ரீநாத். நாற்பதைத் தொடாத மனநல ஆலோசகர். சிறுவர் இல்லங்களில் பல ஆண்டு வேலை பார்த்தவர். ஏட்டில் படித்ததை மட்டும் ஒப்பிக்கிற ஆளில்லை. மென்மையான குரலின் அவசியத்தைப் பற்றி அவர் முதல் நாள் முழுவதும் மென்மையான குரலில் பேசினார். முன்வரிசையில் இருந்தவர்கள் கண் கலங்கினார்கள். பின்வரிசையில் இருந்த ரஷீதாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரையில் வந்தவற்றை மட்டும் எழுதிக்கொண்டார். பிள்ளையின் உயரத்துக்கு இறங்கு. கண்ணுக்கு நேராக வா. குரலைத் தாழ்த்து. காயத்தைக் கிளறிக் கேள்வி கேட்காதே.

இரண்டாம் நாள் நடித்துக் காட்ட வேண்டும். ஒருவர் பயந்துபோன பிள்ளை, இன்னொருவர் ஆசிரியர். ரஷீதாவுக்குப் பிள்ளையாக வாய்த்தவர் பிடோக்கில் வேலை பார்க்கும் ஒரு சீன ஆசிரியர். ஆறடி உயரம், பளுதூக்குபவரின் தோள். அவர் நாற்காலிக்குப் பின்னால் முடிந்த அளவு ஒடுங்கிக்கொண்டார். ரஷீதா முட்டி போட்டார். நீ பாதுகாப்பாக இருக்கிறாய், நான் பக்கத்தில்தான் இருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். தாழ்ந்த குரலில்தான் சொன்னதாக அவர் இன்றுவரை நம்புகிறார். ஆறடிப் பிள்ளை இரண்டு கைகளையும் உயரத் தூக்கியது. பக்கத்து அறையில் ஏதோ கணக்காளர் கூட்டம். அங்கிருந்து ஒருவர் கதவைத் திறந்து, தீயணைப்பு ஒத்திகையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

முடிவு: ‘இன்னும் தேர்ச்சி பெறவில்லை.’ சிங்கப்பூரில் இப்போதெல்லாம் யாரும் தோற்பதில்லை. ‘இன்னும்’ என்ற சொல் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. இன்னும் இரண்டு வாய்ப்புகள் உண்டு என்றார்கள். ஒன்று, ஸ்ரீநாத் நிலையத்துக்கே வந்து ரஷீதா வேலை செய்வதைப் பார்ப்பார். அதிலும் ஆகாவிட்டால், ஒன்பதாவது மாடியில் கடைசியாக ஒரு தேர்வு.

நிலையத்தின் மேற்பார்வையாளர் வைஷாலி முதல் தடவையிலேயே தேர்ச்சி பெற்றார். முப்பத்தைந்து வயது, எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர். பயிற்சி முடிந்த வாரமே சுவரில் அமைதிப் படங்கள் ஏறின, ஒரு மூலையில் மெத்தைப் பை வந்து உட்கார்ந்தது, கதவுக்கு மேலே ஓர் ஒலிமானி பொருத்தப்பட்டது. சாலையில் நிற்கும் சமிக்ஞை விளக்கு மாதிரியே இருக்கும். அறையில் சத்தம் குறைவாக இருந்தால் பச்சை, கூடினால் மஞ்சள், மீறினால் சிவப்பும் ஒரு ‘பீப்’பும். நாள் முழுக்கப் பச்சையிலேயே இருந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒட்டுப்படம்.

முதல் நாள் ரஷீதா உள்ளே வந்து சலாம் சொன்னார். சிவப்பு.

நிலையத்தில் வயதில் இளையவர் ரஞ்சன். காதலியோடு தொலைபேசியில் பேசிப் பேசி ஏற்கெனவே கிசுகிசுக்கப் பழகியிருந்ததால் பயிற்சியில் அதிக மதிப்பெண் வாங்கியவர். அவர் ஆறுதல் சொன்னார்: “அக்கா, நீங்க ‘ஷ்’னு சொன்னாலே எக்கோ வருதுலா. மெஷின் என்ன பண்ணும்?”

ரஷீதா வீட்டில் பயிற்சி எடுக்கத் தொடங்கினார். கிடைத்த ஒரே பிள்ளை யூசுப். ஓய்வு பெற்று, சோபாவில் உட்கார்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தவருக்குப் பக்கத்தில் போய், பதமாக, சாப்பிட வருகிறீர்களா என்று கேட்டார்.

யூசுப் நாளிதழை மடித்து வைத்தார். “நான் என்ன பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணல. சாப்பிடத்தானே கூப்பிட்டேன்.”

“இல்ல, ஏதோ இருக்கு. இத்தன வருசத்துல நீ இப்படி மெல்லப் பேசினது ரெண்டே தடவ. ரெண்டுலயும் தப்பு எம்பேருல.”

அன்று அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில் ரஷீதா பொறுமை இழந்து, குளியலறைக் குழாயைச் சரியாக மூடாததற்கு நான்கு வார்த்தை பழைய குரலில் கேட்டார். யூசுப் முகம் தெளிந்தது. இன்னொரு கரண்டி சோறு வைத்துக்கொண்டார். இதில் படிக்க வேண்டிய பாடம் ஒன்று இருந்தது. ரஷீதா அப்போது அதைப் படிக்கவில்லை. சான்றிதழில் அதற்கு மதிப்பெண் இல்லை.

ஜூலையில் இன்ஷா வந்தாள். எட்டு வயது. தாய் மர்யம் பிடோக்கில் இருந்த வீட்டைவிட்டு மகளோடு வெளியேறி, இந்தப் பக்கம் உறவினர் வீட்டில் ஓர் அறையில் தங்கியிருந்தார். தகப்பன் அவர்களை நெருங்கக்கூடாது என்று நீதிமன்ற உத்தரவு இருந்தது. நிலையத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. கிளறக்கூடாது என்பது பயிற்சியில் சொன்னது. முதல் நாள், மதிய உணவுக்கு முன்பு.

இப்படிப்பட்ட பிள்ளைக்காகத்தானே இவ்வளவு ஏற்பாடும். வைஷாலி தானே முன்வந்தார். முட்டி போட்டு, இன்ஷாவின் முகத்துக்கு நேராக வந்து, பூப்போல அவள் பெயரைச் சொன்னார். இன்ஷா விறைத்துப்போனாள். நாற்காலியிலிருந்து வழுக்கி மேசைக்கு அடியில் போய், இரண்டு கைகளாலும் பிடரியை மூடிக்கொண்டாள்.

மறுநாள் வைஷாலி குரலை இன்னும் தாழ்த்தினார். அதற்கு மறுநாள் இன்னும். மருந்து பலிக்காதபோது அளவைக் கூட்டுவது எல்லா வைத்தியத்திலும் உள்ள வழக்கம். மற்ற ஊழியர்களும் சேர்ந்து கிசுகிசுத்தார்கள். ஒட்டுப்படத்துக்காகப் பிள்ளைகளும் கிசுகிசுத்தார்கள். நிலையம் பார்வை நேரம் முடிந்த ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது. இதில் ரித்திக்குக்கு உண்மையிலேயே நன்மை கிடைத்தது. சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிற பையன், வாழ்க்கையில் முதல்முறையாகக் கணக்கு வீட்டுப்பாடத்தை முழுக்க முடித்தான். அதனால் முறையில் தவறு என்று யாரும் சொல்ல முடியவில்லை. இன்ஷா மட்டும் மேசைக்கு அடியில் இருந்தாள்.

ரஷீதாவுக்குத் தனியாக ஓர் அறிவுரை வந்தது. இன்ஷாவிடமிருந்து கொஞ்ச நாள் தள்ளி இருங்கள், அக்கா. வைஷாலி அதை மனம் நோகாதபடி சொன்னார்; ரஷீதாவும் மனம் நோகாததுபோலக் கேட்டுக்கொண்டார். அவருடைய மேசை அறையின் கோடியில், அடுப்படிக் கதவை ஒட்டிப் போடப்பட்டது.

ஒரு வாரத்துக்குள் இன்ஷாவின் பையும் அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. யாரும் கொண்டுபோய் வைக்கவில்லை. அவளே நகர்ந்து, நகர்ந்து, ரஷீதாவின் மேசைக்கு அடுத்த மேசைக்கு அடியில் வந்திருந்தாள்.

இதைப் பற்றிக் கூட்டம் நடந்தது. பயந்துபோன பிள்ளைகள் சில சமயம் தங்களைப் பயமுறுத்தும் பொருளையே தேடிப் போவார்கள், பழகிய பயம் அவர்களுக்கு வீடு மாதிரி என்று வைஷாலி விளக்கினார். அவர் இட்டுக்கட்டவில்லை, பயிற்சிப் புத்தகத்தில் அப்படி ஒரு பத்தி உண்டு. ரஷீதாவின் மேசையை வாசலில், காலணி அலமாரிக்குப் பக்கத்தில் மாற்றினார்கள். இன்ஷா காலணி அலமாரிக்குப் பக்கத்தில் வந்தாள்.

“அக்கா, உங்களுக்கு ஒரு வால் முளைச்சிருக்கு,” என்றார் ரஞ்சன்.

ரஷீதா சிரிக்கவில்லை. பயமுறுத்தும் பொருள் என்று கூட்டத்தில் சொன்னது தன்னைத்தான் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. அதை அவர் நம்பவும் செய்தார். அன்று வீட்டுக்குப் போகும் பேருந்தில், இத்தனை ஆண்டுகளில் தான் அதட்டிய பிள்ளைகளின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். அவர்களில் பலர் இன்று தங்கள் தம்பி தங்கைகளைக் கொண்டுவந்து அவரிடமே விட்டிருக்கிறார்கள் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. மறுநாளிலிருந்து அரைக்குரலில் பேசினார். ஒலிமானி பச்சையிலேயே நின்றது. வைஷாலி பாராட்டினார். இன்ஷா அந்த நாட்களில் காலணி அலமாரிக்கும் அடுப்படிக்கும் நடுவில், பேருந்து நிறுத்தத்தைத் தவறவிட்டவள்போல நின்றாள்.

செப்டம்பரில் ஸ்ரீநாத் வந்தார். வழக்கமாக இப்படிப் பார்வையிட வரும்போது நன்றாகப் பழகிய பிள்ளையோடு உட்காரவைத்துவிடுவார்கள். ஸ்ரீநாத் நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டு, அந்தப் பெண் பிள்ளை எந்த ஆசிரியர் பின்னால் போகிறதோ, அந்த ஆசிரியரோடு அதைப் பார்க்க விரும்புகிறேன் என்றார். வைஷாலிக்குத் திக்கென்றது. இதில் ஆகாவிட்டால் ரஷீதாவுக்கு மிச்சம் ஒரே வாய்ப்பு.

ரஷீதா எழுதிக்கொண்டதை எல்லாம் செய்தார். முட்டி போட்டார். முகத்துக்கு நேராக வந்தார். மாதக்கணக்கில் யூசுப்பை வதைத்துப் பழகிய அந்தக் குரலில், “இன்ஷா, நான் பக்கத்துலதான் இருக்கேன்மா,” என்றார். பச்சை. இதைவிடச் சுத்தமாக யாரும் செய்திருக்க முடியாது.

இன்ஷாவின் முகத்தில் இரத்தம் வற்றியது. ரஷீதாவையே பார்த்துக்கொண்டு, நீங்களுமா என்பதுபோல, மெல்லப் பின்வாங்கி மேசைக்கு அடியில் போனாள். கைகள் பிடரிக்குப் போயின. ரஷீதா இன்னும் மெல்லக் கூப்பிட்டார். இன்ஷா கண்களை மூடிக்கொண்டாள். ஸ்ரீநாத் குறித்துக்கொண்டிருந்தார்.

அப்போது அடுப்படியிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. மாலைக்கு வைத்த பச்சைப்பயறு கஞ்சி. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ரஞ்சன் பின்பக்கம் தொலைபேசியில் இருந்தார். ரஷீதா யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் எழுந்து போய் அடுப்பை அணைத்திருப்பார். தேக்காவில் ஐஸ் சத்தத்துக்கு மேலே எழும்பிய அதே குரல் தானாக எழும்பியது.

“ரஞ்சன்! கஞ்சி தீயுது, மூக்க எங்க கழட்டி வச்சீங்க?”

சிவப்பு. பீப். ரித்திக் காதைப் பொத்திக்கொண்டான். இரண்டாம் மாடியில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள்.

ரஷீதா முட்டி போட்டபடியே கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தது. ஜனவரியிலிருந்து அந்தக் கஞ்சியைத் தானேதான் கிண்ட வேண்டும் என்று நினைத்தார். அவர் தலையை மூடியிருந்த தூடோங்கின் ஓரத்தை யாரோ பிடித்து இழுத்தார்கள். இன்ஷா வெளியே வந்து, அவரை ஒட்டி நின்றிருந்தாள். பிடரியில் கை இல்லை.

“அப்ப இன்னிக்குக் கஞ்சி இல்லையா, டீச்சர்?” என்று கேட்டாள். அந்த நிலையத்தில் அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

ஸ்ரீநாத் எழுதுவதை நிறுத்தினார். அவருக்கு அடுத்த சந்திப்பு புக்கிட் பாத்தோக்கில் இருந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டு, மர்யம் வேலை முடிந்து வரும்வரை காத்திருந்தார். கிளறக்கூடாது என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தவர். அதனால் காயத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பிள்ளைக்கு வீட்டில் எப்போது நன்றாகத் தூக்கம் வருகிறது என்று மட்டும் கேட்டார்.

டிவியைச் சத்தமாக வைத்தால் தூங்குவாள் என்றார் மர்யம். அதன்பின் ஸ்ரீநாத்தை விட்டுவிட்டு ரஷீதாவைப் பார்த்துச் சொன்னார்.

“லாத்தா, அவ வாப்பா கத்தவே மாட்டாரு. அக்கம்பக்கத்துல கேட்டா தங்கமான மனுசன்னுதான் சொல்வாங்க. கதவ மெல்லச் சாத்துவாரு. முட்டி போட்டு, அவ முகத்துக்கு நேரா வந்து, ‘இன்ஷா, பயப்படாதம்மா’ன்னு மெல்லச் சொல்வாரு. அப்புறம்தான் அடி.”

மர்யம் தொடர்ந்தார். சத்தமாகப் பேசுகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பிள்ளைக்குத் தெரியும், அதனால் அங்கே போய் நிற்பாள். பள்ளியிலும் அப்படித்தான் என்று மர்யம் சொன்னார். முன்பே சொல்லியிருக்கலாம்தான், இவ்வளவு அன்பாக நடந்துகொள்கிறவர்களிடம், உங்கள் அன்புதான் பிள்ளைக்குப் பயம் என்று எப்படிச் சொல்வது? வைஷாலி எழுந்து அடுப்படிக்குப் போய், தீய்ந்த பானையைத் தேய்க்கத் தொடங்கினார். ஜூலையிலிருந்து தினமும் முட்டி போட்டவர் அவர். வெகுநேரம் தேய்த்தார்.

அந்தப் பார்வையிடலின் முடிவு: ‘இன்னும் தேர்ச்சி பெறவில்லை.’ ஸ்ரீநாத் அதை நேரிலேயே சொன்னார். ஒரு பிள்ளை வெளியே வந்தாள், ஆனால் அதே அறையில் இன்னொரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டான். அதை என்னால் பார்க்காததுபோல விட முடியாது, அக்கா. ரஷீதாவும் ரித்திக்கைப் பார்த்திருந்தார்.

வைஷாலி அரைகுறையாகச் செய்யாதவர் என்று முன்பே சொல்லியாயிற்று. மறுவாரம் புதிய திட்டம் வந்தது. ரித்திக்கின் மேசை உள்ளறைக்குப் போனது. வெளியறையில் இன்ஷா இருக்கும் நேரமெல்லாம் ரஷீதா டீச்சரின் குரல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சற்று நேரம் கேட்காவிட்டால் பக்கத்தில் இருக்கும் ஊழியர் போய் அவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும். ஆறு மாதமாகக் குரலைத் தாழ்த்தச் சொன்னவர்கள் இப்போது, அக்கா, சத்தமே காணோமே என்று வந்து நின்றார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இப்போது ரஷீதாவுக்குக் குரல் வரவில்லை. கேட்காமலே வந்துகொண்டிருந்தது, கேட்டவுடன் தொண்டையில் நின்றது. எதைக் கத்துவது? கோபமில்லாமல் அதட்டவும் முடியாது. கடைசியில், தான் செய்கிறதை எல்லாம் அறிவிக்கத் தொடங்கினார். இன்ஷா, நான் அலமாரிப் பக்கம் போறேன். இன்ஷா, குனிஞ்சு பென்சில எடுக்கப் போறேன். இன்ஷா, உன் பின்னால வர்றேன். எம்ஆர்டி ரயிலில் ‘கதவுகள் மூடுகின்றன’ என்றும் சொல்வார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ரஞ்சன் யோசனை சொன்னார். இன்ஷா மேசைக்கு அடியில் போவது குறைந்தது. அக்டோபரில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து கட்டுரை எழுதினாள். பிழைகள் நிறைய. ரஷீதா ஊர் கேட்க அத்தனையையும் வாசித்துத் திருத்தினார். பிள்ளை சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நவம்பரில் கடைசித் தேர்வு. அதே ஒன்பதாவது மாடி. இந்த முறை ஸ்ரீநாத்தே பிள்ளையாக நடித்தார். சட்டை கசங்கும் என்று பாராமல் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தார். தமிழிலேயே செய்யலாம் என்றார். ரஷீதா செய்ய வேண்டியது ஒன்றுதான்: முட்டி போட்டு, முகத்துக்கு நேராக வந்து, மெல்லப் பேச வேண்டும்.

அவரால் முடியவில்லை. குரல் வராதது இந்த முறை காரணமில்லை. அது இப்போது வெண்ணெய் மாதிரி வரும். அந்த மேசைக்கு முன்னால் நின்றபோது அவருக்கு, மெல்லக் கதவைச் சாத்திவிட்டு வந்த, பார்த்திராத ஒரு மனிதனின் முட்டிதான் கண்ணில் தெரிந்தது. தான் இறங்கினால் அந்த இடத்தில் இறங்குகிற மாதிரி இருந்தது. இறங்காவிட்டால் ஜனவரியில் அடுப்படி. இன்ஷா நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதற்கு வெளியறையில் யாரும் இருக்க மாட்டார்கள். அறையில் இருந்த மற்ற ஆசிரியர்கள் தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

நின்றபடியே, தன் சொந்தக் குரலில் சொன்னார்: “தம்பி, நான் இப்ப முட்டி போடப் போறேன். மூட்டு கடக்குன்னு சத்தம் போடும். அது என் வயசு, உன்மேல கோவமில்ல.”

முட்டி போட்டார். மூட்டு சொன்னபடியே சத்தம் போட்டது. தரையைத் தொட்டபின் குரலைத் தாழ்த்தினார்.

“இப்படி மெல்லப் பேசட்டுமா, சத்தமாப் பேசட்டுமா? உனக்கு எது வேணுமோ சொல்லு. வெளிய வரணும்னு இல்ல. கதவு தொறந்துதான் இருக்கு.”

பிறகு ஸ்ரீநாத் வெளியே வந்து, கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்தார். தேர்ச்சி என்றார். அடுத்த முறை பயிற்சி நடக்கும்போது வந்து இதை அப்படியே செய்துகாட்ட முடியுமா என்றும் கேட்டார்.

“பின்வரிசைக்கும் கேக்கணும்,” என்றார்.

“அத என்கிட்ட விடுங்க,” என்றார் ரஷீதா.

சான்றிதழை வைஷாலி சட்டமிட்டு, கதவுக்கு மேலே, ஒலிமானிக்குப் பக்கத்தில் மாட்டினார். குரலைத் தாழ்த்தத் தெரிந்ததற்கான அத்தாட்சி அது. மாட்டிய கையோடு, அக்கா, இன்ஷா வந்துவிட்டாள், கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள் என்றார்.

டிசம்பர் விடுமுறையில் ஒரு பிற்பகல். மழை பெய்து பிள்ளைகள் எல்லோரும் உள்ளே இருந்தார்கள். ரஷீதா கைத்துடைப்புக் காகிதம் எடுக்கப் பண்டக அறைக்குள் போனார். வழக்கப்படி அறிவித்தார்: இன்ஷா, நான் ஸ்டோருக்குள்ள இருக்கேன். காகிதம் மேல் தட்டில் இருந்தது, தேட நேரமாயிற்று. அதனால் மறுபடி அறிவித்தார்.

வெளியறையின் அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது. மெலிந்த குரல்தான், ஆனால் மழைச் சத்தத்துக்கு மேலே எழும்பி வந்தது.

“கேக்குது டீச்சர்! எத்தன தடவதான் சொல்வீங்க?”

சிவப்பு. பீப்.

வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த பிள்ளைகள், ரஞ்சன், மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு தகப்பனார், எல்லோரும் பழக்கதோஷத்தில் பண்டக அறைக் கதவைப் பார்த்தார்கள். வைஷாலி அலுவலகத்திலிருந்து தலையை நீட்டி, “ரஷீதா அக்கா,” என்றார், அலுப்போடு.

ரஷீதா இரண்டு கையிலும் காகிதக் கட்டுகளோடு வெளியே வந்தார். ஒலிமானியைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து, தான் செய்ததை நம்ப முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டிருந்த இன்ஷாவைப் பார்த்தார்.

பிறகு, ஒன்பதாவது மாடியில் முழு மதிப்பெண் கிடைக்கக்கூடிய குரலில் சொன்னார்:

“நான் இல்லலா.”